'சுபுர்ரா' படத்தில் மாஃபியா யார்?

கேள்வி இதுதான்: “'சுபுர்ரா' என்ற இத்தாலியப் படம் பார்த்தேன். யார் யாரை எதற்குக் கொல்கிறார்கள் என்பதே பாதிக்கு மேல் புரியவில்லை. மாஃபியா என்றால் சிசிலி என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறோம், ரோமில் எங்கிருந்து வந்தது? இது நடந்த கதையா, கற்பனையா?”

முதலில் குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். இந்தப் படத்தில் துப்பாக்கி வைத்திருப்பவர்களின் பின்னால் போனால் கதை பிடிபடாது. ஓஸ்தியா கடற்கரை நிலத்தின் பின்னால் போங்கள். ரோமுக்குச் சொந்தமான கடற்கரைப் பகுதி அது. அங்கே சூதாட்ட விடுதிகளும் ஓட்டல்களும் எழுப்பி இத்தாலியின் லாஸ் வேகாஸ் ஆக்கிவிட வேண்டும் என்பது திட்டம். அதற்கு நாடாளுமன்றத்தில் ஒரு சட்டம் நிறைவேற வேண்டும். அதுவும் அரசாங்கம் கவிழ்வதற்குள். படம் 2011 நவம்பர் 5 அன்று தொடங்கி, 12ஆம் தேதியை நோக்கி ஒவ்வொரு நாளாக எண்ணிக்கொண்டு போவது அதனால்தான்.

இந்த ஒரு கோப்புக்கு எத்தனை பேர் தேவைப்படுகிறார்கள் என்று பாருங்கள். பணம் தெற்கு இத்தாலியின் மாஃபியா குடும்பங்களுடையது. வத்திக்கான் வங்கிக்கும் இதில் பங்கு இருக்கிறது. கடற்கரையில் சிறு உரிமையாளர்களை மிரட்டி நிலத்தை வளைத்துப் போடுபவன் உள்ளூர் தாதா, 'எட்டாம் நம்பர்' என்று கூப்பிடப்படும் அவுரேலியானோ அதாமி. சட்டத்தை நகர்த்த வேண்டியவர் ஃபிலிப்போ மல்கிராதி என்ற எம்.பி. இவர்கள் எல்லோரையும் ஒரே மேசைக்குக் கொண்டுவந்தவர் சாமுராய். அவர் பெரிய மாளிகையில் குடியிருக்கவில்லை, கூட்டத்தோடு சுற்றவில்லை, குரலையும் உயர்த்துவதில்லை. வயதான அம்மாவோடு சாதாரணமாக வாழ்கிற மனிதர். படத்தின் உண்மையான அதிகாரம் அவரிடம்தான் இருக்கிறது.

சரி, பிறகு எதற்கு இத்தனை கொலை? எல்லாவற்றையும் கெடுப்பது நிலத்துக்குச் சம்பந்தமே இல்லாத ஒரு சம்பவம். மல்கிராதி ஓட்டல் அறையில் இரண்டு பெண்களோடு இருக்கிறார். ஒருத்திக்கு இன்னும் பதினெட்டு ஆகவில்லை. போதைப்பொருள் அதிகமாகி அந்தச் சிறுமி இறந்துபோகிறாள். அவர் ஆம்புலன்ஸைக் கூப்பிடாமல் நழுவிவிடுகிறார். கூட இருந்த சப்ரீனா, உடலை அப்புறப்படுத்தத் தனக்குத் தெரிந்த ஸ்பதீனோ என்ற பையனைக் கூப்பிடுகிறாள். விஷயம் தெரிந்த ஸ்பதீனோ எம்.பி.யை மிரட்டிப் பணம் பறிக்கப் பார்க்கிறான். அவனைக் கொஞ்சம் தட்டிவைக்கச் சொல்லி வேலை எட்டாம் நம்பரிடம் போகிறது. தட்டிவைக்கப் போனவன் கொன்றேவிடுகிறான். ஸ்பதீனோவின் அண்ணன் மன்ஃப்ரெதி அனக்லெதி, கந்துவட்டியில் கொழுத்த ஒரு பெரிய குடும்பத்தின் தலைவன். தம்பியின் ரத்தத்துக்குக் கணக்கு தீர்க்காமல் அவன் விடப்போவதில்லை.

மீதிப் படம் முழுக்க சாமுராய் செய்வது ஒரே வேலை: இந்தச் சண்டையை அணைத்து, சட்டம் நிறைவேறும்வரை அமைதி காப்பது. ஒவ்வொரு துப்பாக்கிச் சத்தமும் அவருக்குத் தோல்வி. வழக்கமான கேங்க்ஸ்டர் படங்களில் சுடுவதுதான் பலம். இங்கே பலம் என்பது சுடவேண்டிய தேவையே வராமல் இருப்பது. இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொண்டு இரண்டாம் முறை பாருங்கள், காட்சிகள் தானாக வரிசையில் வந்து நிற்கும். நீங்கள் ஏற்கெனவே பார்த்துவிட்டதால் இவ்வளவு சொன்னேன். பார்க்காதவர்களும் இதைப் படிக்கக்கூடும் என்பதால் முடிவை விட்டுவிடுகிறேன்.

இனி ரோமுக்கு வருவோம். சிசிலியில் கோசா நோஸ்ட்ரா, நேப்பிள்ஸில் கமோரா, கலாப்ரியாவில் என்ட்ராங்கெட்டா என்று ஊருக்கு ஓர் அமைப்பு உண்டு. ரோமில் அப்படி ஒரே ஓர் அமைப்பு என்றைக்கும் இருந்ததில்லை. 1970களின் கடைசியில் 'பாந்தா தெல்லா மல்யானா' என்ற உள்ளூர்க் கும்பல் ஒன்று நகரத்தின் போதை வியாபாரத்தையும் சூதாட்டத்தையும் பிடித்தது. அது சிசிலி, நேப்பிள்ஸ் கும்பல்களோடு தொடர்பு வைத்திருந்தது. ஆயுதம் ஏந்திய நவ பாசிசக் குழுக்களோடும் தொடர்பு வைத்திருந்தது. பிறகு தங்களுக்குள்ளேயே அடித்துக்கொண்டு சிதறியது. ஆனால் அந்தக் காலத்து ஆட்கள் சிலரின் தொடர்புகள் சிதறவில்லை. யாரிடம் எந்த வேலையைக் கொடுக்கலாம், எந்த அலுவலகத்தில் யாரைப் பார்க்க வேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். சாமுராய் பாத்திரம் அந்த வழியில் வந்ததுதான்.

படத்தின் மூலம், கார்லோ போனினி, ஜான்கார்லோ தெ கதால்தோ இருவரும் சேர்ந்து எழுதி 2013இல் வந்த அதே பெயருடைய நாவல். போனினி புலனாய்வுப் பத்திரிகையாளர். தெ கதால்தோ ரோமில் நீதிபதியாக இருந்தவர், மல்யானா கும்பலை வைத்து ஏற்கெனவே ஒரு நாவல் எழுதியவர். ஆக, ஒருவர் செய்தியின் பக்கம் இருந்தும் ஒருவர் வழக்குக் கட்டுகளின் பக்கம் இருந்தும் வந்தவர்கள். பெயர்களும் சம்பவங்களும் கற்பனை. ஆனால் எதைப் பார்த்து எழுதினார்கள் என்பது ரோம்காரர்களுக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 2012 டிசம்பரிலேயே 'லெஸ்ப்ரெஸ்ஸோ' வார இதழில் லிரியோ அப்பாத்தே 'ரோமின் நான்கு ராஜாக்கள்' என்று கட்டுரை எழுதி, நகரத்தை யார் யார் பங்கு போட்டிருக்கிறார்கள் என்று பெயரோடு சொல்லியிருந்தார். அதில் ஒரு பெயர் மாஸ்ஸிமோ கார்மினாதி.

நாவல் வந்த அடுத்த ஆண்டு, படம் திரைக்கு வருவதற்கு முன்பே, நிஜம் வெளியே வந்தது. 2014 டிசம்பர் 2 அன்று ரோமில் 37 பேர் கைதானார்கள். 'மாஃபியா கபிதாலே', அதாவது தலைநகர் மாஃபியா, என்று அந்த வழக்குக்குப் பெயர் விழுந்தது. முதல் குற்றவாளியாக நிறுத்தப்பட்டவர் கார்மினாதி. முன்னாள் நவ பாசிசத் தீவிரவாதி. 1981இல் எல்லையைத் தாண்டி சுவிட்சர்லாந்துக்குப் போக முயன்றபோது போலீஸ் சுட்டதில் ஒரு கண்ணை இழந்தவர். அவர் ஆட்களைச் சந்தித்த இடங்களில் ஒன்று கோர்ஸோ ஃப்ரான்சியா சாலையில் இருந்த ஒரு பெட்ரோல் பங்க். கைதானபோது ஒரு சிறிய ஸ்மார்ட் காரில் போய்க்கொண்டிருந்தார்.

போலீஸ் ஒட்டுக்கேட்ட உரையாடல் ஒன்றில் அவர் தன் வேலையை விளக்குகிறார்: மேலே உயிரோடிருப்பவர்கள், கீழே செத்தவர்கள், நடுவில் நாம். மேலே இருப்பவருக்கும் யாராலும் செய்ய முடியாத ஒரு காரியம் ஆகவேண்டியிருக்கும், அப்போது நடுவில் இருப்பவனைத் தேடி வருவார் என்பது அதன் பொருள். சாமுராய் என்ற பாத்திரத்தைப் புரிந்துகொள்ள இதைவிட நல்ல விளக்கம் கிடையாது. கவனியுங்கள், நாவல் முதலில் வந்தது, ஒட்டுக்கேட்ட பேச்சு ஊருக்குத் தெரிந்தது பிறகு.

அவரோடு முக்கியமாகச் சிக்கிய இன்னொருவர் சல்வதோரே புட்ஸி. கொலைக் குற்றத்துக்காகச் சிறை சென்று, உள்ளேயே படித்து, கைதிகளுக்கு வேலை தரும் ஒரு கூட்டுறவு அமைப்பைத் தொடங்கி, சீர்திருந்திய மனிதருக்கு உதாரணமாகக் காட்டப்பட்டவர். அந்தக் கூட்டுறவுக்கு ரோம் மாநகராட்சியின் டெண்டர்கள் வரிசையாகக் கிடைத்தன: பூங்கா பராமரிப்பு, குப்பை, ஜிப்சிகள் என்றும் அழைக்கப்படும் ரோமா இன மக்களின் முகாம்கள், கடல் தாண்டி வந்த அகதிகளுக்கான தங்குமிடங்கள். அகதிகளை வைத்து எவ்வளவு சம்பாதிக்கிறேன் தெரியுமா, போதைப்பொருளில்கூட இவ்வளவு வராது என்று அவர் பேசியதும் பதிவாகியிருக்கிறது. எந்த உணவும் எந்தப் போர்வையும் யாருக்குப் போயிருக்க வேண்டியது என்று யோசித்தால் அந்தப் பேச்சைக் கேட்டுவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை. படத்தில் அகதிகள் இல்லை. என்னைக் கேட்டால், சூதாட்ட விடுதித் திட்டத்தைவிட இந்த நிஜம் கொடூரமானது.

இப்போது உங்கள் கேள்வியின் முக்கியமான பகுதி: இவர்கள் மாஃபியாவா? இத்தாலியில் இது ஆளுக்கொரு கருத்து சொல்லும் விஷயமாக மட்டும் இல்லை, தண்டனைச் சட்டத்தில் இதற்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. 416 பிஸ். அது வந்த கதையைச் சொல்லியே ஆகவேண்டும். சிசிலியைச் சேர்ந்த கம்யூனிஸ்ட் எம்.பி. பியோ லா தொர்ரே, மாஃபியாவில் இருப்பதையே குற்றமாக்கவும் அவர்களின் சொத்தைப் பறிமுதல் செய்யவும் ஒரு சட்ட வரைவைக் கொண்டுவந்தார். அது நாடாளுமன்றத்தில் கிடப்பில் கிடந்தது. 1982 ஏப்ரல் 30 அன்று பலெர்மோவில் அவரையும் அவருடைய டிரைவரையும் சுட்டுக் கொன்றார்கள். செப்டம்பர் 3 அன்று, மாஃபியாவை ஒடுக்கவென்று பலெர்மோவுக்கு அனுப்பப்பட்ட ஜெனரல் கார்லோ அல்பெர்த்தோ தல்லா கியேசாவையும் அவர் மனைவியையும் கொன்றார்கள். அடுத்த பத்தே நாளில் சட்டம் நிறைவேறியது. இத்தனை உயிர் போன பிறகுதான் அந்தக் கோப்பு நகர்ந்தது.

அந்தப் பிரிவு சொல்வது இது: ஒரு கும்பல், தன் பெயரைக் கேட்டாலே எழும் அச்சத்தையும், அதனால் மக்கள் அடங்கி வாய் திறக்காமல் இருப்பதையும் பயன்படுத்திக் காரியம் சாதித்தால் அது மாஃபியா. என்ன காரியம் என்பதையும் வரிசையாகச் சொல்கிறது. அந்த வரிசையில் தொழில்கள், உரிமங்கள், அனுமதிகள், அரசு ஒப்பந்தங்கள் எல்லாம் இருக்கின்றன. லா தொர்ரே எவ்வளவு தெளிவாகப் பார்த்திருக்கிறார் பாருங்கள். மாஃபியாவின் குறி அரசு அலுவலகத்தின் கையெழுத்து என்பது 1982இலேயே சட்டத்தில் எழுதப்பட்டுவிட்டது.

மாஃபியா கபிதாலே வழக்கு இந்தப் பிரிவின் மேல்தான் ஆடியது. 2017 ஜூலையில் விசாரணை நீதிமன்றம் கார்மினாதிக்கு 20 ஆண்டும் புட்ஸிக்கு 19 ஆண்டும் விதித்தது, ஆனால் மாஃபியா இல்லை என்றது. 2018 செப்டம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றம் மாஃபியாதான் என்றது. 2019 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் மறுபடியும் இல்லை என்று முடித்துவைத்தது. ஊழல் ஆழமாக ஊறியிருந்தது உண்மை. ஆனால் அதிகாரிகளும் அரசியல்வாதிகளும் பயந்து வளைந்துகொடுக்கவில்லை, தங்கள் பதவியை விலைக்கு விற்றார்கள் என்பதுதான் அதன் வாதத்தின் சாரம்.

நிறையப் பேருக்கு இந்தத் தீர்ப்பில் கோபம். எனக்கு அப்படி இல்லை. நீதிமன்றம் போட்ட கோடு சரியான கோடு என்றுதான் நினைக்கிறேன், அதை வைத்தே படத்தையும் அளக்கலாம். மல்கிராதியைப் பாருங்கள். தொடக்கத்தில் அவருக்கு யாரிடமும் பயம் கிடையாது. மழை கொட்டும் இரவில் ஓட்டல் பால்கனிக்கு அம்மணமாக வந்து, கீழே கிடக்கும் ரோம் நகரத்தின் மேல் சிறுநீர் கழிக்கிறார். ஊர் தன் காலடியில் என்று நம்பும் மனிதர். விலைக்குப் போனவர் அவர், மிரட்டலுக்கு அடங்கியவர் இல்லை. அந்தச் சிறுமியின் சாவுக்குப் பிறகுதான் பயம் உள்ளே வருகிறது. விற்ற மனிதன் அடங்கிய மனிதனாக மாறும் அந்த இடத்தை, பியெர்ஃப்ரான்செஸ்கோ ஃபவினோ ஒரு வசனமும் இல்லாமல் தோளிலும் நடையிலும் காட்டுகிறார்.

பயத்தை மட்டும் வைத்து ஆளும் கூட்டம் ரோமில் இல்லவே இல்லை என்று இதற்கு அர்த்தமில்லை. தலைநகர் வழக்கில் 'இல்லை' என்ற அதே உச்ச நீதிமன்றம், அடுத்த மாதமே ஓஸ்தியாவின் ஃபஷானி குடும்பம் மாஃபியாதான் என்று உறுதிசெய்தது. அதே ஊரின் ஸ்பாதா குடும்பத்தைப் பற்றியும் 2022இல் அதே முடிவு வந்தது. 2017 நவம்பரில் ஸ்பாதா குடும்பத்து ஆள் ஒருவர், கேமரா ஓடிக்கொண்டிருக்கும்போதே கேள்வி கேட்ட டி.வி. செய்தியாளரின் மூக்கைத் தலையால் முட்டி உடைத்தார். நாடே அதைப் பார்த்தது. அந்தப் பகுதியின் உள்ளாட்சி மன்றத்தையே, மாஃபியா ஊடுருவல் என்று சொல்லி 2015 ஆகஸ்டில் அரசு கலைத்திருந்தது. ஓஸ்தியாவைக் கதைக்களமாக எடுத்தது எழுதியவர்களின் கற்பனை என்று இனி யாரும் சொல்ல முடியாது.

அனக்லெதி குடும்பத்துக்கு நிஜத்தில் எல்லோரும் கைகாட்டுவது கசமோனிகா குடும்பத்தை. படம் வெளிவருவதற்கு இரண்டு மாதம் முன்பு, 2015 ஆகஸ்டில், அந்தக் குடும்பத்தின் மூத்தவர் ஒருவரின் சவ ஊர்வலம் ரோமின் ஒரு தேவாலயத்துக்கு வந்தது. ஆறு கறுப்புக் குதிரைகள் பூட்டிய வண்டி, பிரபலமான மாஃபியா படத்தின் இசையை வாசிக்கும் பேண்டு, மேலே ஹெலிகாப்டரிலிருந்து ரோஜா இதழ்கள். தலைநகரின் வான்வெளியில் இதற்கு யார் அனுமதி கொடுத்தது என்று பெரிய கொந்தளிப்பு எழுந்தது. மன்ஃப்ரெதியின் வீட்டுத் தங்க முலாம் நாற்காலிகளைப் பார்த்து மிகையாக இருக்கிறதே என்று நினைத்திருந்தால், 2018இல் மாநகராட்சி இடித்த கசமோனிகா வீடுகளின் படங்களைப் பாருங்கள்.

மன்ஃப்ரெதி வரும் காட்சிகளில் எனக்கு மிகவும் தைத்தது துப்பாக்கிக் காட்சி எதுவும் இல்லை. செபாஸ்தியானோ என்ற இளைஞனின் அப்பா கடன் தாளாமல் உயிரை விடுகிறார். அப்பாவுக்குப் பிறகு மகனிடம் மன்ஃப்ரெதி வந்து நிற்கிறான். கடன் செத்தவரோடு போவதில்லை என்று அவன் சொல்லும் விதத்தில் மிரட்டலைவிட உரிமை அதிகம் தெரிகிறது. பணக்கார வீட்டுப் பிள்ளை, பிரமுகர்களுக்கு விருந்து ஏற்பாடு செய்து பிழைப்பவன், ஒரே நாளில் வீட்டையும் தைரியத்தையும் இழக்கிறான். அப்புறம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள என்ன செய்கிறான் என்பதைப் பாருங்கள். எலியோ ஜெர்மானோவின் நடிப்பு அங்கே உச்சம்.

தேதிகளைப் பற்றி ஒரு வார்த்தை. பிரதமர் பதவி விலகுவது நிஜம்: பெர்லுஸ்கோனி 2011 நவம்பர் 12 அன்று விலகினார், குடியரசுத் தலைவர் மாளிகைக்கு வெளியே கூட்டம் கூடி 'அல்லேலூயா' பாடியது. போப் பதவி விலகல் நிஜத்தில் 2013 பிப்ரவரியில் நடந்தது. படம் இரண்டையும் ஒரே வாரத்தில் வைத்துவிட்டது. கோட்டையும் கோயிலும் ஒன்றாகச் சரியும் வாரமாக அதை ஆக்க இது உதவுகிறது என்றாலும், இதை வரலாறாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வத்திக்கான் வங்கியின் பங்கு மிகையாகத் தோன்றலாம். அந்த வங்கியோடு நெருங்கிய தொடர்பிலிருந்த பாங்கோ அம்ப்ரோசியானோ 1982இல் மூழ்கியது, அதன் தலைவர் ரொபெர்த்தோ கால்வி லண்டனில் ஒரு பாலத்துக்கடியில் தூக்கில் தொங்கிக் கிடந்தார். இத்தாலிய ரசிகர்களின் நினைவில் அது இருக்கிறது. படம் ஒரு கார்டினலைக் காட்டினாலே போதும், மீதியை அவர்களே நிரப்பிக்கொள்வார்கள்.

குறைகளும் உண்டு. இயக்குநர் ஸ்டெஃபானோ சொல்லிமாவுக்கு மழை, இரவு, நியான் வெளிச்சம் என்றால் கை நிற்பதில்லை. அழகாகத்தான் இருக்கிறது, ஆனால் சட்டம் எப்படி வளைக்கப்படுகிறது, எந்தக் குழுவில் எந்தத் திருத்தம் நுழைகிறது என்பதை இரண்டொரு காட்சியில் தாண்டிவிடுகிறார். கதையின் முதுகெலும்பே அதுதான். உங்களுக்குக் குழப்பம் வந்ததற்குக் காரணம் உங்கள் கவனக்குறைவு இல்லை, படம் அந்த இடத்தில் மெலிந்து போனதுதான்.

அந்தக் குறையை நிறைக்கும் படம் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே வந்துவிட்டது. ஃப்ரான்செஸ்கோ ரோசியின் 'லே மானி சுல்லா சித்தா', 1963, வெனிஸ் பட விழாவில் தங்கச் சிங்கம் விருது வாங்கியது. களம் நேப்பிள்ஸ். முதல் காட்சியில் நொத்தோலா என்ற கட்டட முதலாளி வெறும் வயல்வெளியைக் காட்டிக் கூட்டாளிகளுக்குக் கணக்குச் சொல்கிறான்: இன்று சதுர மீட்டர் ஐந்நூறு, ஆயிரம் லிரா. மாநகராட்சி சாலையும் தண்ணீரும் கொண்டுவந்தால் நாளை அறுபதாயிரம், எழுபதாயிரம். அந்தக் கட்டட முதலாளியே மாநகராட்சி உறுப்பினரும்கூட. படத்தில் ஒரு கேங்க்ஸ்டர்கூடக் கிடையாது. ஒரு கட்டடம் இடிந்து ஆட்கள் சாகிறார்கள், பிறகு முழுக்க மன்றக் கூட்டங்கள்தான். எதிர்க்கட்சி உறுப்பினராக நடித்தவர் நிஜமான நேப்பிள்ஸ் கம்யூனிஸ்ட் கவுன்சிலர் கார்லோ ஃபெர்மாரியெல்லோ. அவர் மன்றத்தில் எழுந்து கத்தும்போது நடிப்பு எது, நிஜம் எது என்று பிரிக்க முடியாது. 'சுபுர்ரா' பிடித்திருந்தால் அடுத்து இதைப் பாருங்கள்.

அதே பெயரில் 2017 முதல் நெட்ஃப்ளிக்ஸில் வந்த தொடரைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பலர் அதையும் படத்தையும் இணைத்துப் பார்த்துக் கூடுதலாகக் குழம்புகிறார்கள். தொடர் 2008இல் தொடங்குகிறது, அதே ஓஸ்தியா நிலம்தான். அவுரேலியானோவாக அதே அலெஸ்ஸாண்ட்ரோ போர்கி, ஸ்பதீனோவாக அதே ஜாகொமோ ஃபெர்ராரா, ஆனால் சாமுராயாக வேறு நடிகர். படத்தில் ஸ்பதீனோவைக் கொல்பவனே அவுரேலியானோதான், தொடரில் இருவரும் கூட்டாளிகள் ஆகிவிடுகிறார்கள். எனவே முன்கதை என்று நினைத்துப் பார்க்காமல் தனிக் கதையாகப் பாருங்கள். மூன்று சீசன்கள் இருக்கின்றன. நேரம் குறைவு என்றால் முதல் சீசன் போதும். ஒரு கவுன்சிலர் எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாக விலைக்குப் போகிறார் என்பதை, படம் தாண்டிப்போன அந்த அலுவலக அறைகளுக்குள்ளேயே உட்கார்ந்து அது காட்டுகிறது.